அடைத்த நகைக்கடன் சிபிலில் இன்னும் நிற்கிறதா?

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கம் மூன்று ஏக்கரில் நெல் சாகுபடி செய்கிறேன். டிராக்டர் கடன் கேட்டதற்கு, சிபில் ஸ்கோர் குறைவு என்று வங்கியில் மறுத்துவிட்டார்கள். போன தையில் சம்பா அறுத்த பணத்தில் அடைத்து மீட்ட நகைக்கடன் இன்னும் நிலுவை என்று காட்டுகிறது. நான் வாங்காத மைக்ரோ பைனான்ஸ் கடன் ஒன்றும் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: ஸ்கோரைப் பிறகு பார்க்கலாம், முதலில் சிபில் என்ற கடன் தகவல் நிறுவனம் உங்கள் கடன்களைப் பற்றி வைத்திருக்கும் முழு ரிப்போர்ட்டை எடுங்கள். 300 முதல் 900 வரையிலான அந்த எண், கடன் கொடுத்தவர்கள் அனுப்பும் விவரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. விவரம் தப்பென்றால் எண்ணும் தப்புதான். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் மாதம் இருமுறையாவது விவரம் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. தையில் முடித்த கடன் இன்னும் நிற்கிறது என்றால் அதைத் தாமதம் என்று விட முடியாது, பிழைதான். நகையை மறுஅடகு வைத்துப் புதுப்பித்திருந்தால், பழைய கணக்கு எண் மூடாமல் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்காத கடனுக்கு நம் பெயர் வழக்கமே காரணமாக இருக்கலாம். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக, சொசைட்டி பாஸ்புக்கில் வெறும் பெயர். ஒரே ஊரில் அதே பெயரில் நாலு பேர் இருந்து, கடன் பான் எண் இல்லாமல் பதிவானால், அடுத்தவர் கணக்கு உங்கள் தலையில் விழும். அப்புறம், வீட்டில் மகளிர் குழுக் கடனுக்கு உங்கள் ஆதாரைக் கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும் உங்கள் ரிப்போர்ட்டில் வரும்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம். நான்கையும் எடுங்கள், ஒன்றில் சரியாக இருப்பது இன்னொன்றில் தப்பாக இருக்கும். ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாக எத்தனை நாள் பாக்கி என்ற கட்டம் இருக்கும். 000 என்றால் பாக்கி இல்லை. நகைக்கடனில் அது எந்த மாதத்திலிருந்து மாறுகிறது என்று குறித்துக்கொண்டு, மீட்ட ரசீதுடன் வங்கிக் கிளையிலும் அந்தந்த நிறுவனத்திலும் எழுத்தில் புகார் கொடுங்கள். கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் சிபில் தானாகத் திருத்தாது. 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அப்போதும் அசையவில்லையா, ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

ஆனால் உண்மையிலேயே தவணை தப்பிய மாதங்களை யாராலும் அழிக்க முடியாது. பணம் வாங்கிக்கொண்டு ஸ்கோரை ஏற்றித் தருவதாகச் சொல்லும் ஆட்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். திருத்திய ரிப்போர்ட் கைக்கு வரும்வரை வேறு வங்கிகளில் டிராக்டர் கடன் கேட்க வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் பதிவாகும்.