டி32 ஒப்பந்தம்: கையெழுத்துப் போடலாமா?

வாதநோய்த் துறையில் ஃபெல்லோஷிப் முடித்து, க்ரீன் கார்டும் வைத்திருக்கிறீர்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் (என்ஐஎச்) நிதி தரும் டி32 ஆராய்ச்சிப் பயிற்சி இடமும் கிடைத்திருக்கிறது. வாங்கிய உதவித்தொகைக்கு வேலை செய்தோ பணமாகவோ ஈடுகட்ட வேண்டும் என்ற ‘பேபேக்’ நிபந்தனையைப் பார்த்துத்தான் தயக்கம் என்கிறீர்கள். அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. அந்தக் கடன் முதல் 12 மாத உதவித்தொகைக்கு மட்டும்தான். 13ஆம் மாதத்திலிருந்து நீங்கள் செய்யும் பயிற்சியே மாதத்துக்கு மாதம் அதைக் கழித்துவிடும். இரண்டு வருடம் முழுசாக முடித்தால் கணக்கு தீர்ந்தது.

சிக்கல், ஒரு வருடத்தோடு கிளினிக்குக்கு ஓடினால்தான். அப்போது வெளியே ஆராய்ச்சியோ கற்பித்தலோ செய்து ஈடுகட்ட வேண்டும். இல்லையென்றால் வட்டியோடு பணம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் வழிகாட்டியைப் பற்றித்தான் கவலைப்படுவேன். அவரிடம் முன்பு பயிற்சி பெற்ற மருத்துவர்களில் எத்தனை பேர் கே08, கே23 நிதி (மருத்துவர்கள் ஆராய்ச்சியாளராக வளர என்ஐஎச் தருவது) வாங்கினார்கள் என்று நேராகவே கேளுங்கள். வாரத்தில் எத்தனை அரைநாள் நோயாளி பார்க்க வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.