அதிகாலையில் ஏன் வியர்க்கிறது?

கேள்வி: வயது 56. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிப்பிரைடும் சாப்பிடுகிறேன். மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று இணையத்தில் படித்துவிட்டு, இரண்டு மாதமாகச் சிறுகுறிஞ்சான் சாரப் பொடியும் தண்ணீரில் கலந்து குடிக்கிறேன். எலிகளுக்குக் கொடுத்த ஆய்வில் சர்க்கரை நன்றாக இறங்கியதாம். எனக்கும் இறங்கியிருக்கிறது. நாக்கில் இனிப்பு தெரிவதில்லை, முடி கொட்டுகிறது, சில நாள் அதிகாலையில் வியர்த்து, கை நடுங்கி விழிக்கிறேன். மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வியர்வையும் நடுக்கமும்தான் விஷயம். அது தாழ்சர்க்கரையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கிளிமிப்பிரைடு, ரத்தத்தில் சர்க்கரை குறைவாக இருந்தாலும் கணையத்தை விடாமல் இன்சுலின் சுரக்கவைக்கும். அதன்மேல் இன்னொன்றையும் ஏற்றியிருக்கிறீர்கள்.

மறுபடி அப்படி விழித்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ கரைத்துக் குடியுங்கள். மீட்டர் இல்லாவிட்டால் காத்திருக்காமல் குடித்துவிடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். இந்த மாத்திரையால் இறங்கிய சர்க்கரை சில மணி நேரத்தில் திரும்பவும் இறங்கக்கூடும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் நேரே மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவையுங்கள்.

பொடியை இன்றே நிறுத்துங்கள். அடுத்த கிளிமிப்பிரைடை விழுங்குமுன் உங்கள் மருத்துவரைக் கூப்பிட்டு, பொடி விஷயத்தையும் மறைக்காமல் சொல்லி, அளவைக் கேளுங்கள்.

சரி, கிட்னி. மெட்ஃபார்மின் அதைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே பழுதான சிறுநீரகம் அந்த மருந்தை வெளியேற்றத் திணறும் என்பதால் அளவைக் குறைக்கிறோம், மிகவும் மோசமானால் நிறுத்துகிறோம். இணையத்தில் இதைத்தான் தலைகீழாக எழுதிவைக்கிறார்கள். சிறுநீரகத்தைத் தின்பது கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீர் அல்புமின் சோதனைகளை வருடம் ஒருமுறை பாருங்கள்.

அப்புறம் உங்கள் எலிகள். இப்படிப்பட்ட ஆய்வுகளில் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஊசி போட்டுக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்து, எலிக்குச் சர்க்கரை நோயை வரவழைப்பார்கள். உங்களுக்கு நோய் அப்படி வரவில்லை. ஒப்பீட்டுக்காக வேறொரு கூட்ட எலிகளுக்கு, உங்கள் கிளிமிப்பிரைடு வகை மாத்திரையான கிளிபென்கிளமைடு கொடுப்பதும் வழக்கம். அந்தக் கூட்டத்துக்கு மூலிகை கிடையாது. இரண்டையும் சேர்த்து விழுங்கியது நீங்கள்தான்.

மூலிகை என்றாலே எனக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். மெட்ஃபார்மினின் மூலமே கலேகா என்ற செடிதான். செடியில் இருந்த பொருள் நஞ்சாக இருந்தது. அதன் உறவான மெட்ஃபார்மின் 1922இல் தயாரானது, 1957இல்தான் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளிடம் கண்ட பலனை வெளியிட்டார், அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1995இல். உங்களுக்குப் பொடியை நம்ப இரண்டே மாதம் போதுமாக இருந்திருக்கிறது!

இனிப்பு தெரியாதது சிறுகுறிஞ்சான் இலையின் குணம், பொடியை விட்டால் சரியாகிவிடும். முடி கொட்டுவதை இப்போதைக்கு விடுங்கள். பொடி டப்பாவை மட்டும் மருத்துவரிடம் கையோடு கொண்டுபோங்கள். மூலிகை என்று விற்ற சில பொடிகளில் கிளிபென்கிளமைடையே கலந்திருந்தது பிடிபட்டிருக்கிறது.