அம்மைக்கு மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகனுக்கு (19) நேற்று இரவு அம்மை போட்டிருக்கிறது. “ஆத்தா வந்திருக்கா, மாத்திரை மருந்துன்னு போனா கோவிச்சுக்குவா” என்று மாமியார் தடுக்கிறார். என்ன செய்வது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். சின்னம்மைக்கான அசைக்ளோவிர் மாத்திரை, கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது. பெரியவர்களுக்கு நுரையீரல்வரை போகக்கூடும் என்பதால் 19 வயதில் தள்ளிப்போடக் கூடாது.

மாமியார் சொல்வதில் பெரும்பகுதி நல்லதுதான். வந்த ஆத்தாளைக் குளிரவைத்து அனுப்ப வேண்டும் என்பது வீட்டு முறை. வாசலில் வேப்பிலையைப் பார்த்தால் வெளியாள் உள்ளே வரமாட்டார். தாளிப்பு, காரம் கூடாது என்பார்கள்; வாய்க்குள்ளும் கொப்புளம் இருக்கும், காரம் பட்டால் எரியும். இளநீர், மோர், கூழ் எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். மருந்து கூடாது என்பது மட்டும்தான் இடிக்கிறது. பெரியம்மைக் காலத்தில், வந்தபின் குணமாக்க மருந்தே இல்லை, வேண்டுதல்தான் கையிலிருந்தது. 1977-இல் அந்த நோய் இந்தியாவில் ஒழிந்ததாக அறிவித்தாயிற்று. மருந்து கூடாது என்ற அந்தக் காலக் கட்டுப்பாடு மட்டும் சின்னம்மையில் தொடர்கிறது. மாத்திரையைச் சாமி படத்தின் முன் வைத்து, மாமியார் கையாலேயே எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்களேன்!

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின் இளவயதினருக்கு மூளையையும் கல்லீரலையும் தாக்கலாம், ஐபுப்ரோஃபனும் வேண்டாம். வேப்பிலை மஞ்சள் விழுதை உடைந்த கொப்புளத்தில் அப்பாதீர்கள், அம்மியிலிருக்கும் அழுக்கும் சேர்ந்து புண் சீழ் பிடிக்கும். அரிப்புக்கு வேப்பங்கொத்தால் வருடிவிடலாம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ, குழப்பமாகப் பேசினாலோ, விட்ட காய்ச்சல் திரும்பினாலோ உடனே மருத்துவமனைதான்.

கேள்வி: அம்மை கண்ட மகளுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிவிட்டால் அவளைப் பள்ளிக்கு அனுப்பலாமா?
- வாசகர், தேனி

பதில்: தண்ணீர்க் கணக்கு போதாது. எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். ஒன்றில் நீர் நின்றாலும் தொற்றும். பெரும்பாலும் ஒரு வாரமாகும். அதுவரை கர்ப்பிணிகள் யாரும் பார்க்க வரவேண்டாம். அம்மை வராத, தடுப்பூசி போடாத பிள்ளைகள் வீட்டில் இருந்தால், தொற்று பட்ட 3 முதல் 5 நாளுக்குள் தடுப்பூசி போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அவர்களுக்கு வருவதானால் 10 முதல் 21 நாளுக்குள் வரும்.