பதில்: ஸ்கேன் நார்மல், ஆனா பொண்ணுக்கு வயித்துவலி நிக்கல

அக்கா, ஒன்பதாவது படிக்கிற பொண்ணு திங்கட்கிழமை ஆனா வயித்துவலின்னு சுருண்டு படுக்கிறா, வீட்டுக்காரர் நடிப்புன்னு திட்டுறார், மனநல டாக்டரைப் பார்க்க மதுரைக்குத்தான் போகணுமான்னு கேட்டிருக்கீங்க. அந்த வலி நிஜமாவே இருக்கலாம். பதட்டம் நிறைய பிள்ளைகளுக்கு வயித்துவலியா, தலைவலியாத்தான் வரும்.

மதுரைக்கு இப்பவே ஓட வேண்டாம். முதல்ல 14416க்கு போன் போடுங்க, அதுதான் டெலி மானஸ்ங்கிற மனநல உதவி எண். 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்சது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். அடுத்தது உங்க மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை. ஓ.பி. சீட்டு போடுற இடத்துல மனநலப் பிரிவுன்னு கேளுங்க. பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் எடுத்துட்டுப் போங்க. டாக்டர்கிட்ட அவளைக் கொஞ்ச நேரம் தனியாப் பேச விடுங்க. திட்டுற அப்பா பக்கத்துல உக்காந்திருந்தா எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

ஸ்கூலுக்குத் தெரிஞ்சிடுமோன்னு பயந்து தள்ளிப் போடாதீங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரத்தை ரகசியமா வைக்கிறதை உரிமையாவே சொல்லுது.

ஒண்ணு மட்டும்: சாகணும்ங்கிற மாதிரி ஏதாவது சொன்னா ஓ.பி. திறக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க. நடுராத்திரியா இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.