மறுக்க ஆளிருந்தால்தான் வாதம்: கட்டுரை எழுதுவோர் கேள்வி பதில்

வடசென்னையில் கல்லூரிக்கும் போட்டித் தேர்வுக்கும் கட்டுரை எழுதிப் பழகுபவர்கள் கேட்டவை. பதில் சொல்பவர், விடைத்தாள் திருத்தும் தமிழாசிரியர்.

கல்லூரி முதலாண்டு மாணவி, கொடுங்கையூர்: சார், 'எங்கள் ஊர்க் குப்பைமேடு'ன்னு நாலு பக்கம் எழுதினேன். 'வாதமே இல்லை'ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. ஏன்?

"குப்பைமேட்டால் மக்கள் அவதிப்படுகிறார்கள்" என்பதை யாரம்மா மறுக்கப்போகிறார்கள்? மறுக்க ஆளில்லை என்றால் அது வர்ணனை. இப்படி எழுதிப் பாருங்கள்: "கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் எரிஉலை கட்டுவதற்கு முன், வீட்டு வாசலிலேயே குப்பையைத் தரம்பிரித்து வாங்குவதை மாநகராட்சி முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும்." யார், எங்கே, எதை, எதற்கு முன் என்று எல்லாம் இதில் இருக்கிறது. "வேண்டும்" இருக்கும் இடத்தில் "வேண்டியதில்லை" என்று போட்டு வாசியுங்கள். அப்படிச் சொல்லக்கூடிய நியாயமான மனிதர் ஒருவராவது உங்கள் தெருவில் இருந்தால் தலைப்பு தேறியது.

அதே மாணவி: 500 சொல்லுக்கு எத்தனை பத்தி சார்?

ஐந்து போதும். முதல் பத்தி 70 சொல். அது மேலே சொன்ன வாக்கியத்தில் போய் முடியட்டும். அடுத்த இரண்டும் தலா 110, பத்திக்கு ஒரே காரணம். இரண்டில் பலமானதைப் பின்னால் வையுங்கள். நாலாவது, எதிர்த்தரப்பு, 140. மிச்சம் முடிவுக்கு.

பத்திக்குள்ளே வரிசை காரணம், சான்று, இணைப்பு. இந்த இணைப்பைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். "நம் வீட்டுக் குப்பையில் ஈரம் அதிகம்" என்பது சான்று. அதோடு நிறுத்தினால் "அதுக்கு?" என்று கேட்கத் தோன்றும். "அந்த ஈரத்தை ஆவியாக்கவே எரிப்பதில் கிடைக்கும் வெப்பத்தில் ஒரு பங்கு போய்விடும், ஆகவே பிரிக்காமல் எரித்தால் மின்சாரம் குறையும்" என்று சேர்த்தால்தான் காரணம் நிற்கும்.

குடிமைப்பணித் தேர்வுக்குப் படிப்பவர், வியாசர்பாடி: எதிர்த்தரப்பு வாதத்தை நாமளே எடுத்துக் குடுத்தா நம்ம கட்சி பலவீனமாகிடாதாண்ணா?

ஆகாது தம்பி. நன்னூல் சொல்லும் எழுவகை மதங்களில் (இங்கே மதம் என்றால் கொள்கை) மூன்றாவதே "பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு". முதலில் மேற்கொள்ள வேண்டும், அதாவது ஏற்றுச் சொல்ல வேண்டும்; பிறகுதான் களைவு, அதாவது மறுப்பு. நம் ஆட்கள் முதல் பாதியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். "எரிஉலை கேட்பவர்களுக்கு மக்கள்மேல் அக்கறை இல்லை" என்று எழுதுவது, மணல்மூட்டையைக் குத்திவிட்டு பாக்ஸிங்கில் ஜெயித்தேன் என்பது மாதிரி.

அவர்களுடைய பலமான வாதத்தையே எடுங்கள். 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிக்கு உதவாத, கிலோவுக்கு 1,500 கிலோ கலோரிக்குக் குறையாத வெப்பம் தரும் குப்பையைக் கொட்டக் கூடாது, ஆற்றலாக்க வேண்டும் என்றன. அவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். அதை நேர்மையாக எழுதுங்கள். "மேடு குறைய வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை" என்று ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு முறியும் இடத்தைக் காட்டுங்கள்: அதே விதி "மறுசுழற்சிக்கு உதவாத" என்றதே, தரம்பிரிக்காமல் எது உதவும், எது உதவாது என்று யார் சொல்வது? அவர்கள் நீட்டிய சான்று உங்கள் பக்கம் வந்துவிட்டது. எல்லாத் தலைப்பிலும் இவ்வளவு வசதியாக அமையாது. அமையாதபோது, அவர்கள் சொல்வது எந்த அளவுக்கு உண்மை, எந்த இடத்தில் பொருந்தாது என்று எல்லை போட்டால் போதும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவியின் அப்பா, ராயபுரம்: பொண்ணு சூப்பரா ஆரம்பிக்கிறா சார், போகப்போக சுரத்தே இல்ல.

இதற்கும் நன்னூலிலேயே பெயர் உண்டு: "சென்று தேய்ந்து இறுதல்", பத்துக் குற்றங்களில் ஒன்று. நல்ல சரக்கையெல்லாம் முன்னுரையிலேயே கொட்டிவிடுவதால் வருவது. எழுதத் தொடங்கும் முன், கடைசிப் பத்தியின் முதல் வாக்கியத்தைத் தாள் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைக்கச் சொல்லுங்கள். முடிவில் முன்னுரையையே திரும்ப எழுதினால் "கூறியது கூறல்", அது இன்னொரு குற்றம். அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்பதை அங்கே எழுதட்டும்.

வியாசர்பாடித் தம்பி மறுபடியும்: மூணு மணி நேரத்துல ரெண்டு கட்டுரை, ஒவ்வொண்ணும் 1000-1200 சொல். நேரத்தை எப்படிப் பிரிக்கிறது?

ஒன்றுக்கு 90 நிமிடம். 20 நிமிடம் திட்டம், 60 எழுத்து, 10 திருத்தம். திட்டத்தில் எதிர்வாதத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் கிடைக்கவில்லை என்றால் அந்த நிலைப்பாட்டை மாற்ற இன்னும் நேரம் இருக்கும். நாலாவது பக்கத்தில் தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

பெயர் சொல்லாதவர், தண்டையார்பேட்டை: புள்ளிவிவரம் ஞாபகம் வரலைன்னா உத்தேசமா ஒரு எண் போடலாமா?

போடாதீர்கள். திருத்துபவருக்கு அந்த ஒரு எண் தப்பென்று தெரிந்தால் மற்றதையும் சந்தேகத்தோடுதான் வாசிப்பார். "80 சதவீதம்" என்பதற்குப் பதில் காரண காரியத்தை எழுதுங்கள். அப்படியே "எல்லோரும்", "எப்போதும்", "ஒருபோதும்" மூன்றையும் தேடி அடித்துவிடுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கைக் காட்டினால் அந்த வாக்கியம் விழுந்துவிடும்.