தீயணைப்பு வீரர்கள் வாக்கி டாக்கிய எங்க மாட்டணும், எப்படி பயன்படுத்தினா பாதுகாப்பு?

கோட்டு பாக்கெட்ல வைக்கறதா இல்ல தோள்ல குறுக்கா ஸ்ட்ராப் போட்டு மாட்டறதா, எது சேஃப்னு கேட்டிருக்கீங்க. தீயணைப்பு வேலையில இருக்கறவன்ங்கற முறையில என் பதில், ஸ்ட்ராப்தான், ஆனா அது கோட்டுக்கு உள்ள இருக்கணும். கோட்டுக்கு மேல தொங்கவிட்டா பாக்கெட்டே தேவலாம்.

காரணம் என்னன்னா, தீயில முதல்ல போறது பெரும்பாலும் ரேடியோ பெட்டி இல்ல, மைக் ஒயர். காலர்ல கிளிப் பண்ணியிருக்க மைக்லருந்து கீழ வர்ற அந்த சுருள் ஒயர் இருக்கே, அதோட மேல்தோல் ரப்பரோ பிளாஸ்டிக்கோதான், நம்ம கோட்டு தாங்கற சூட்ட அது தாங்காது. தோல் உருகி உள்ள இருக்க கம்பிங்க ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிச்சுன்னா மைக் செத்துப்போகலாம், இல்லன்னா நீங்க பட்டனையே தொடாம ரேடியோ தானா டிரான்ஸ்மிட் பண்ணிக்கிட்டே இருக்கலாம். ரெண்டாவது ரொம்ப ஆபத்து, உங்க ஒருத்தரோட ரேடியோ மொத்த சேனலையும் அடைச்சிடும், பக்கத்து ரூம்ல இருக்கவர் உதவி கேட்டா கூட வெளிய கேக்காது. ஒயர கோட்டுக்குள்ள விட்டு மைக் மட்டும் காலர் கிட்ட வெளிய வர்ற மாதிரி வச்சா இந்த ரிஸ்க் பெரிய அளவுல குறையும். ரேடியோவும் இடுப்புக்குக் கீழ கோட்டோட விளிம்பு கிட்ட இருக்கும், சூடு மேல போறதால நெஞ்சு உயரத்த விட அங்க கம்மி.

ரேடியோ பெட்டி மட்டும் எல்லாத்தையும் தாங்கும்னும் நினைக்காதீங்க. அமெரிக்காவுல என்ஐஎஸ்டிங்கற அரசு ஆய்வு நிறுவனம் 2014ல வெளியிட்ட சோதனையில, 160 டிகிரி செல்சியஸ்ல வச்ச மாடல் எல்லாமே 15 நிமிஷத்துக்குள்ள பிரச்சனை பண்ணுச்சு, சிலது டிரான்ஸ்மிட் பண்றதையே நிறுத்திடுச்சு, சிலதுல அலைவரிசை விலகிப் போச்சு. தீக்குள்ள போறவங்களோட ரேடியோவுக்குன்னே தனியா அமெரிக்க தீ பாதுகாப்பு அமைப்போட என்எஃப்பிஏ 1802ங்கற தரநிலை 2021லதான் வந்துச்சு. உங்க கையில இருக்கறது அதுக்கு முன்னாடி வந்த செட்டுன்னா இன்னும் ஜாக்கிரதையா இருங்க.

சிக்கிக்கற பிரச்சனை வேற இருக்கு. கோட்டுக்கு மேல ஸ்ட்ராப் போட்டுட்டு தவழ்ந்து போகும்போது ரேடியோ முன்னாடி வந்து முட்டிக்கு நடுவுல இழுபடும், தொங்கற ஒயர் கட்டில் கால்லயோ சீலிங்லருந்து விழுந்த வயர்லயோ மாட்டிக்கும், புகையில எது இழுக்குதுன்னே தெரியாது. உள்ள போட்டாலும் ரேடியோ ஆடாம இருக்க சின்னதா ஒரு பட்டி போட்டு உடம்போட சேத்துக் கட்டிக்கணும். உள்ள போட்டா சேனல் மாத்தறது கஷ்டமேன்னு சொல்வாங்க, நியாயம்தான், அதுக்குத்தான் வண்டியவிட்டு இறங்கறதுக்கு முன்னாடியே சேனல் செட் பண்ணி ஒருத்தருக்கொருத்தர் பேசி செக் பண்ணிடணும்.

பேசற விதத்துல நிறைய பேர் கோட்டை விடறது, பட்டன அமுக்கின உடனே பேசிடறது. ஒரு செகண்ட் விட்டு பேசுங்க, இல்லன்னா முதல் வார்த்தை போயிடும், பல நேரம் அந்த முதல் வார்த்தைதான் யாரு பேசறாங்கங்கறது. மைக்க மாஸ்க்ல குரல் வெளிய வர்ற இடத்துக்கு நேரா ரெண்டு விரல் அளவு தள்ளிப் பிடிங்க, கத்த வேணாம், கத்தினா குரல் உடைஞ்சு ஒன்னும் புரியாது. பிஏ செட்ல, அதாவது முதுகுல மாட்டியிருக்க காத்து சிலிண்டர் செட்ல, மூச்சு இழுக்கற சத்தம் அடங்கினப்புறம் பேசுங்க. ரெண்டு ரேடியோ பக்கத்துல இருந்தா வீல்னு ஊளையிடும், கொஞ்சம் விலகி நில்லுங்க. சிக்னல் போகலன்னா அதே இடத்துல நின்னு திரும்பத் திரும்ப அமுக்கறதால பிரயோஜனம் இல்ல, ஏன்டெனா உடம்போட ஒட்டியிருந்தா உடம்பே அலைய தடுக்கும், அதனால திரும்பி நில்லுங்க, இல்ல ஜன்னல் பக்கம் நகருங்க.

அமெரிக்காவுல ஹேக்கன்சாக்ல 1988 ஜூலை 1 அன்னிக்கு ஒரு கார் ஷோரூம் தீயில கூரை இடிஞ்சு தீயணைப்பு வீரர்கள் 5 பேர் இறந்தாங்க. அதுல ரெண்டு பேர் உள்ள மாட்டிக்கிட்டு ரேடியோல கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்காங்க, அந்த அழைப்பு போய்ச் சேர வேண்டியவங்களுக்குப் போய்ச் சேரல. இத நினைச்சா இப்பவும் எனக்கு மனசு பதறும். சேனல்ல தேவையில்லாம பேசாதீங்கன்னு நான் புதுப் பசங்ககிட்ட சண்டை போடறதே இதனாலதான்.

மாட்டிக்கிட்டா எமர்ஜென்சி பட்டன அமுக்கிட்டு, ஆபத்துல இருக்கேன்னு சொல்ற ‘மேடே’ங்கற வார்த்தைய மூணு தடவை சொல்லுங்க, அப்புறம் யாரு, எங்க, என்ன ஆச்சு, காத்து எவ்வளவு மிச்சம், என்ன வேணும். அசையாம இருந்தா கத்துமே அந்த அலாரம், அத பேசற நேரம் மட்டும் நிறுத்திட்டு பேசி முடிச்சதும் திரும்ப போட்டு விடுங்க. இத பயிற்சியில மாஸ்க் கண்ணாடிய துணியால மூடி, கிளவுஸ் போட்டுக்கிட்டு செய்யணும். வெறும் கையில ஈசியா கிடைக்கற அந்த சின்ன பட்டன் தடி கிளவுஸ்ல தட்டுப்படவே தட்டுப்படாது, பக்கத்துல இருக்க வால்யூம் குமிழத் திருகிட்டு பட்டன அமுக்கிட்டோம்னு நினைப்பாங்க. ஏன்டெனாவோட அடியிலருந்து விரல நகர்த்தித் தேடிப் பழகினா கை தானா போகும்.

கேஸ் லீக் இருக்க இடம்னா அதுக்குன்னு சான்று பெற்ற செட்டும் பேட்டரியும் மட்டும்தான், அங்க நின்னு பேட்டரி கழட்டி மாட்டவே கூடாது. ஒவ்வொரு தீக்கு அப்புறமும் ஒயர முழு நீளத்துக்கும் கையால உருவிப் பாருங்க, எங்கயாவது பிசுபிசுப்போ வெடிப்போ பளபளப்போ தெரிஞ்சா டேப் ஒட்டி ஓட்டாம அந்த மைக்க அன்னிக்கே மாத்திடுங்க.