‘நோ லாக்’ விபிஎன்: ஐந்து ஆண்டு விதி உங்களைத் தொடுமா?

கேள்வி: கோவையில் வீட்டிலிருந்தே ஐடி வேலை பார்க்கிறேன். ஆபீஸ் விபிஎன் போக, சொந்த உபயோகத்துக்கு ஒரு வெளிநாட்டு விபிஎன்னுக்கும் சந்தா கட்டுகிறேன். ‘நோ லாக்’, அதாவது ‘எந்தப் பதிவும் வைப்பதில்லை’ என்கிறார்கள். ஆனால் ஐந்து வருடத் தகவலைச் சேமித்து வைக்க வேண்டும் என்று இங்கே சட்டம் இருப்பதாக நண்பர் சொல்கிறார். விபிஎன் வைத்திருப்பதே குற்றமா? ஆப்பில் இந்திய சர்வரைத் தேர்ந்தெடுத்தால் சிக்கலா?

பதில்: குற்றமில்லை. விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தைப் பூட்டி, வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை. அதைப் பயன்படுத்துவதை இந்தியா முழுக்கத் தடை செய்யும் சட்டம் எதுவும் கிடையாது. ஜம்மு காஷ்மீரில் மட்டும் சில மாவட்ட நிர்வாகங்கள் அவ்வப்போது தற்காலிகத் தடை போடுவதுண்டு. அந்தப் பக்கம் போகும்போது விசாரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பர் சொல்வது, மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின் கீழ் வெளியிட்ட உத்தரவு. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைச் சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை சந்தா, எதற்காக வாங்கினார், அவருக்குக் கொடுத்த ஐபி முகவரி (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) எது, பதிவு செய்தபோது இருந்த இமெயில், ஐபி, நேரம் என்ன என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டில் இருக்க வேண்டும். நீங்கள் சந்தாவை நிறுத்திய பிறகும் 5 ஆண்டுகளுக்கு அதை அழிக்கக் கூடாது.

இந்தப் பட்டியலில் நீங்கள் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தீர்கள் என்பது இல்லை. ‘அப்போ பரவாயில்லையே’ என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று பாருங்கள். ஒரு இணையதளத்தின் பதிவில், இரவு 10.14 மணிக்கு இந்த ஐபியிலிருந்து ஒருவர் வந்தார் என்று இருக்கும். அந்த ஐபி விபிஎன் நிறுவனத்துடையது. அந்த நேரத்தில் அது யார் கையில் இருந்தது என்று நிறுவனத்திடம் கேட்பார்கள். நிறுவனத்திடம் பதிவேடு இருந்தால் உங்கள் பெயரும் வீட்டு முகவரியும் வந்துவிடும். என்ன பார்த்தீர்கள் என்பது தளத்திடம் இருக்கிறது, பார்த்தது யார் என்பது பதிவேட்டில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் முடிந்தது.

ஆபீஸ் விபிஎன்னைப் பற்றிக் கவலை வேண்டாம். நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்காக நடத்தும் விபிஎன்னுக்கு இந்த விதி பொருந்தாது என்று 2022 மே மாத விளக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் அதன் வழியாகப் போவதை உங்கள் ஆபீஸ் பார்க்க முடியும், சொந்த விஷயங்களை அதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, உங்கள் வெளிநாட்டு விபிஎன்? விதியை ஏற்க மனமில்லாதவர்கள் வெளியேறலாம் என்று அப்போதைய இணை அமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் சொன்னார். எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன், புரோட்டான் எல்லாமே அந்த ஆண்டே இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. அதன் பிறகு சில ஆப்களில் ‘இந்தியா’ என்று காட்டுவது மெய்நிகர் சர்வர். இயந்திரம் சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கும், ஐபி மட்டும் இந்திய ஐபி. ஆகவே இந்தியா என்று தேர்ந்தெடுப்பதில் தனியாக ஆபத்து இல்லை, இயந்திரம் எங்கே இருக்கிறது என்று நிறுவனத்தின் தளத்தில் பார்த்துக்கொண்டால் போதும். இங்கே மண்ணில் சர்வர் வைத்து வியாபாரம் செய்யும் விபிஎன் ‘நோ லாக்’ என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். ஒன்று அவர்கள் விதியை மீறுகிறார்கள், இல்லையென்றால் உங்களிடம் உண்மையைச் சொல்லவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2025 ஜனவரியில் மத்திய உள்துறையின் உத்தரவின் பேரில் சில விபிஎன் ஆப்களை ஆப்பிளும் கூகுளும் தங்கள் இந்திய ஸ்டோரிலிருந்து நீக்கின. உங்கள் ஆப் திடீரென்று காணாமல் போனால் பெயர் தெரியாத தளங்களிலிருந்து ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப்பை நேரடியாக நிறுவும் கோப்பு) இறக்கிப் போட்டுவிடாதீர்கள், நிறுவனத்தின் சொந்தத் தளத்தையே பாருங்கள்.

வெளிநாட்டு நிறுவனம் என்பதாலேயே நிம்மதி என்றும் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு பெண்ணைத் தொடர்ந்து துன்புறுத்திய ஆளை 2017இல் எஃப்பிஐ பிடித்தது. அவர் பயன்படுத்தியவற்றில் ஒன்று ப்யூர்விபிஎன். பதிவு வைப்பதில்லை என்று விளம்பரம் செய்த நிறுவனம். ஆனால் ஒரே வாடிக்கையாளர் அவருடைய வீட்டு ஐபியிலிருந்தும் அவர் வேலை பார்த்த அலுவலக ஐபியிலிருந்தும் இணைந்திருக்கிறார் என்று அந்த நிறுவனத்தால் சொல்ல முடிந்தது. அந்த ஆள் பிடிபட்டது நல்லதுதான். ஆனால் அதே பதிவு எல்லா வாடிக்கையாளர்களைப் பற்றியும் இருந்திருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. இதற்கு நேர்மாறாக, 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸ் தேடுதல் ஆணையோடு முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனது. கேட்ட வாடிக்கையாளர் தகவலே நிறுவனத்திடம் இல்லாததால் வெறுங்கையோடு திரும்பியது. நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இதைத்தான்: ஆணையோடு ஒருவர் வந்து நிற்கும்போது எடுத்துக் கொடுக்க அவர்களிடம் என்ன இருக்கிறது? நீதிமன்றத்திலோ போலீஸிடமோ சோதனைக்கு உள்ளான நிறுவனம் என்றால் அந்தப் பதில் ஏற்கெனவே பொதுவெளியில் இருக்கும்.

உங்கள் பிராட்பேண்ட் நிறுவனத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விபிஎன்னோடு இணைந்தது, எப்போது, எவ்வளவு நேரம் என்பது அவர்களுக்குத் தெரியும், உள்ளே என்ன போனது என்பது தெரியாது. அரசு கண்காணிக்க விரும்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு இருக்கிறது. உள்துறைச் செயலர் உத்தரவு போடலாம், ஒத்துழைக்காதவர்களுக்கு ஏழு ஆண்டு வரை சிறை. எனக்கு உறுத்துவது இங்கேதான்: உத்தரவுக்கு முன் நீதிபதி யாரும் பார்ப்பதில்லை, பிறகு ஆய்வு செய்யும் குழுவிலும் அதிகாரிகள்தான். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்ன நாட்டில் இது போதாது என்றே நினைக்கிறேன்.

அப்புறம், கூகுள் கணக்கில் லாகின் செய்துவிட்டு விபிஎன் போட்டால் கூகுளுக்கு நீங்கள் யார் என்று தெரியும், அதில் எந்த விபிஎன்னும் உதவாது. சந்தாவையும் உங்கள் பெயரில் உள்ள கார்டில்தான் கட்டியிருப்பீர்கள். ஹோட்டல் வைஃபையில் பேங்க் வேலை பார்க்கவும், பிராட்பேண்ட் நிறுவனம் உங்கள் பழக்கங்களைக் கவனிக்காமல் இருக்கவும்தான் உங்களுக்கு விபிஎன் தேவை என்றால், இப்போது வைத்திருப்பதே போதும். சந்தாவை நிறுத்த வேண்டியதில்லை.